உள்ளே போக வேண்டிய காற்று

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரைக் காற்றுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அதனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கொடிய கிருமிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிற அறைகள் அங்கே இருந்தன. அவற்றுக்குள் காற்று எப்போதும் வெளியிலிருந்து உள்ளேதான் போக வேண்டும். உள்ளேயிருந்து ஒரு மூச்சளவுகூட வெளியே வரக் கூடாது. உள்ளே போன காற்றை மொட்டைமாடி விசிறிகள் உறிஞ்சி, வடிகட்டியில் சலித்து, மேலே விடும். பதினாறு வருடமாக அந்த விசிறிகளோடுதான் அவர் பிழைப்பு.

கதவோரம் மாட்டியிருந்த அழுத்தமானியை அவர் முழுதாக நம்பமாட்டார். கதவின் அடியில் மெல்லிய காகித நாடா ஒன்றை ஒட்டியிருந்தார். அது அறைப்பக்கம் சாய்ந்திருந்தால் எல்லாம் சரி.

ஒரு திங்கட்கிழமை காலை மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தது. காற்றுக்காரர் நடைவழியில் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். தற்செயலாகக் கீழே பார்த்தவர் ஏணியை விட்டுவிட்டுக் கதவருகே குனிந்தார். நாடா அவரை நோக்கிச் சாய்ந்து படபடத்தது. காற்றை உள்ளே தள்ளுகிற விசிறி உடனே கிளம்பிவிட்டது. உறிஞ்சுகிற விசிறி முக்கி முனகிக்கொண்டிருந்தது. மனதுக்குள் எண்ணினார். பதினெட்டாவது விநாடியில்தான் நாடா திரும்பியது.

மேற்பார்வையாளரிடம் ஓடினார். அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். அது நிமிடத்துக்கு ஒருமுறைதான் அளவெடுக்கும். அந்தப் பதினெட்டு விநாடி அதில் இல்லவே இல்லை. வெள்ளிக்கிழமை பாதுகாப்பு ஆய்வுக்கு ஆள் வருகிறது, காகிதத் துண்டைக் காட்டிக் கலவரம் பண்ண வேண்டாம் என்று தோளில் தட்டி அனுப்பினார். காற்றுக்காரருடையது வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற வேலை. வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் தூக்கம் போய்விட்டது. தொண்டை லேசாகக் கரகரத்தாலும் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வாய்க்குள் புதையல் எதுவும் கிடைத்ததா என்று மனைவி கேலி செய்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது ஒரு நடுவயது அம்மாள். காலை முழுக்க வரைபடங்களைப் பார்த்துவிட்டு, மதியம் காற்றுக்காரரை உட்காரச் சொன்னார். என்றைக்காவது கிருமி வெளியே வந்தால் அது எந்த வழியாக ஊருக்குள் போகும் என்று கணக்கிட வேண்டும்; அதற்கு உதாரணமாக ஒரு ஆள் தேவை என்றார்.

“நேத்து கேட்டைத் தாண்டினதுலேருந்து சொல்லுங்க. யார் பக்கத்துலயெல்லாம் இருந்தீங்க?”

அவரும் சாவகாசமாகத்தான் ஆரம்பித்தார். பையைச் சோதித்த காவலாளி. பேருந்தில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிய ஆள். முகத்துக்குச் சாண் தூரத்தில் நின்று முடி வெட்டியவர். படுத்த படுக்கையாகக் கிடக்கிற அண்ணி. அவளை அண்ணனும் இவருமாகத்தான் புரட்டிப் படுக்க வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் அந்த அம்மாள் தாளில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார். இருபத்தாறு புள்ளி.

“வீட்ல?”

“சம்சாரம் மட்டும்தான்.”

“அவங்க என்ன பண்றாங்க?”

அவர் மனைவி கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற காப்பகத்தில் வேலை செய்தாள். இருபத்திரண்டு குழந்தைகள். ஒன்றுக்கும் இரண்டு வயது தாண்டவில்லை. காலையில் தாய்மார் கையிலிருந்து வாங்கி, மாலையில் திருப்பிக் கொடுப்பாள். பேனா புள்ளி வைக்கக் காத்திருந்தது.

“அம்மா, இது உதாரணம் இல்ல.” குரல் அவருக்கே கேட்கவில்லை. “திங்கக்கிழமை நிஜமாவே காத்து வெளிய வந்துச்சு. நான் நேர்ல பாத்தேன்.”

அந்த அம்மாள் திட்டவில்லை. எத்தனை விநாடி என்று மட்டும் கேட்டார்.

அன்றே அறைகளை மூடிக் கிருமிநீக்கம் செய்தார்கள். மறுநாள் மின்சாரத்தைத் துண்டித்து, காலி அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் புகை கதவடியில் நாக்கை நீட்டி, நடைவழியில் தவழ்ந்து வந்தது. மேற்பார்வையாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

திங்கட்கிழமை அந்த நேரத்தில் உள்ளே இரண்டு பேர் வேலையில் இருந்தார்கள். கிருமி மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள்ளேதான் இருந்தது என்றார்கள். அடித்துச் சொல்ல மட்டும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. காற்றுக்காரரை வீட்டு மாடியறையில் பத்து நாள் தனியாக இருக்கச் சொன்னார்கள். கீழே மனைவியும் வெளியே போகக் கூடாது. காப்பகத்தைப் பூட்டினார்கள். ஒவ்வொரு தாய்க்கும் போன் பண்ணி மனைவி தழுதழுத்ததை அவர் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுத் தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நாலாம் நாள்தான் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள்: “அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் அந்தக் குழந்தைங்களைத் தூக்காமலாவது இருந்திருப்பேன்.”

அவள் படியிறங்கிப் போன பிறகுதான் அவர் கதவைத் திறந்து தட்டை எடுத்தார்.

ஆறாம் நாள் அவருக்குக் காய்ச்சல் அடித்தது. முகமூடிக்காரர்கள் வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். முடிவு வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் மாடியில் அவரும் மாடிப்படியின் கீழ் அவளும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அது சாதாரண ஜலதோஷம்தான். குழந்தைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மூன்று தாய்மார் பிள்ளைகளைத் திரும்ப அனுப்பவே இல்லை.

ஆய்வுக்கூடம் ஏழு மாதம் மூடிக் கிடந்தது. உறிஞ்சுகிற விசிறி முழு வேகம் பிடிக்காமல் மற்றது ஓடாதபடி மாற்றினார்கள். திறந்த அன்று காற்றுக்காரர் அந்த அம்மாளிடம், இனிமேல் ஆபத்து இல்லைதானே என்று கேட்டார்.

“இல்லைன்னு நான் எழுதல. குறைஞ்சிருக்குன்னுதான் எழுதியிருக்கேன்,” என்றார் அவர்.

காற்றுக்காரர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். மாலையில் வீடு திரும்பினால் மனைவி கதவைத் திறந்து, அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். அவள் நகர்ந்து வழிவிடும்வரை அவர் வாசலிலேயே நிற்பார்.