நைனாவின் கட்டிலருகே சார்ஜ் கொடுத்தோம்

நைனாவை வெறுத்துவிடுவேனோ என்று நான் பயந்து கிடந்த வருஷம் அது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். மூக்கு வழியாக வயிறு வரை ஒரு குழாய் விட்டிருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டிய கஞ்சியோ பாலோ அதில் ஊற்ற வேண்டும். முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஊற்ற வேண்டும். பிறகு மருந்து, துணி மாற்றுவது, மூக்கில் பிளாஸ்திரி மாற்றுவது. எல்லாம் முடித்து உட்கார்ந்தால் அடுத்த கஞ்சிக்கு நேரமாகியிருக்கும்.

அம்மா போய் ஆறு வருஷம். கல்யாணம் ஆகி, அது ஒத்துவராமல், காலடிப்பேட்டை வீட்டுக்கே திரும்பி வந்தவள் நான். அண்ணன் ஓசூரில் இருக்கிறான். தினமும் போன் செய்து, 'பாசிட்டிவா இரு' என்பான். பாசிட்டிவாம்! ஒரு நாள் வந்து ஒரே ஒரு லுங்கியைத் துவைத்துப் போட்டுவிட்டு அப்புறம் சொல்லுடா என்று கத்திவிட்டு போனை வைத்தேன். எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். அந்த வருஷம் அது இறங்கவே இல்லை.

மணலி போகிற சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுவது என் வேலை. இரண்டு மாத லீவு தீர்ந்துபோய், திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். நைனாவை யாரிடம் விட்டுப் போவது என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த மூன்று பேரும் வந்தார்கள்.

மூவரும் நைனாவோடு எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் போர்மேனாக இருந்தவர். ஒல்லியான ஆள். பாய்லர் சத்தத்தில் காது மந்தமாகிப் போனதால் ரகசியத்தைக்கூடத் தெருவுக்கே கேட்கும்படிதான் சொல்வார். இன்னொருவர் எண்ணூர்க் குப்பத்துக்காரர். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் கம்பெனி வேலைக்கு வந்தவர். மூன்றாமவர் தண்டையார்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வருவார், அதிகம் பேச மாட்டார். மூவரையும் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் நின்று, உச்சுக்கொட்டி, ஆப்பிளை வைத்துவிட்டுப் போவார்கள் இல்லையா? இவர்கள் வந்த கையோடு கட்டிலைச் சுற்றி நின்று குழாயைப் பார்த்தார்கள், தலையணையின் உயரத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"ரிலீவர் யாரு?" என்றார் போர்மேன்.

"யாருக்கு மாமா?"

"உனக்குத்தாம்மா. உன் ஷிப்ட் முடிஞ்சா அட்த்த ஆளு யாரு?"

"யாருமில்ல. நானேதான்."

அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "இன்னா பேசற நீ? ரெண்டு ஷிப்ட்டு நின்ன ஆள பாய்லராண்டயே உடமாட்டோம். நீ ரெண்டு மாசமா ஒண்டியா ஓட்டிகினு கீற!"

எங்கள் நைனாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றேன். என் வீறாப்பு எங்கே போகும்? எண்ணூர் மாமா சிரித்தார். "நைனா உனுக்கு மட்டும்தானா? முப்பது வர்ஷம் எங்களோட தானம்மா குந்திகினு இருந்தான். உன்னவிட நாங்கதான் அவன ஜாஸ்தி பாத்துகீறோம்." நைனா படுத்தபடியே ஆமாம் என்று தலையை ஆட்டினார். துரோகி.

பகலில் மூவரும் முறை வைத்துப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு போர்மேன் மாமா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய்க் கட்டிலின் இரும்புக் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "சார்ஜ் குடு" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர்கள் தொழிலில் ஷிப்ட் மாறும்போது போகிற ஆள் வருகிற ஆளிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமாம். அதுவும் மெஷின் பக்கத்திலேயே, இரண்டு பேரும் அதன் மேல் கை வைத்து நின்றபடி. இது என்ன கூத்து என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே நானும் கம்பியைப் பிடித்தேன். "எல்லாம் நார்மல் மாமா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

இரண்டு வாரம் தினமும் காலையில் 'எல்லாம் நார்மல்'தான். உண்மையைச் சொன்னால் இவர்களும் பயந்து வராமல் நின்றுவிடுவார்களோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். அதோடு வெட்கம் வேறு. சொந்த அப்பாவுக்குச் செய்வதில் முகம் சுளிக்கிறேன், அவசரப்படுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு நாள் விடிகாலையில் யார்டுக்கு நேரமாகிறதென்று கஞ்சியை வேகமாக ஊற்றிவிட்டேன். நைனாவுக்குப் புரையேறி, மூச்சு வாங்கி, மெல்லத் தணிந்தது. ஏழரைக்கு எண்ணூர் மாமா கம்பியைப் பிடித்தபோது "நார்மல்" என்றேன். அவர் அதை நம்பி வழக்கமான அளவை வழக்கமான நேரத்துக்கு ஊற்றியிருக்கிறார். நைனாவுக்கு மறுபடி புரையேறி, கஞ்சி நுரையீரலுக்குள் போய், கண் செருகிவிட்டது. மாமாவே அவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மற்ற இரண்டு மாமாக்களும் வந்திருந்தார்கள். எண்ணூர் மாமா வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, "எங்கையாலேயே கொன்னுட்டேனே" என்று அழுதுகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுததைப் பார்த்ததும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. காலையில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அறைவார்கள் என்றே நினைத்தேன். அறைந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

யாரும் அடிக்கவில்லை. போர்மேன் மாமா, அவருக்குத் தெரிந்த அளவு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "தோ பாரும்மா. ஒரு வால்வு கசிஞ்சிகினு கீதுன்னு வெச்சிக்கோ. திட்டு வாங்கணுமேன்னு ஒருத்தன் அத்த மறைச்சிட்டுப் பூட்டான்னா, அட்த்து வர்றவன் வெந்து பூடுவான். அப்டி வெந்தவன நாங்க பாத்துகீறோம். அதனால ஒரு சட்டம் வெச்சோம். சார்ஜ் குடுக்கற நேரத்துல எவனும் எவனையும் திட்டக் கூடாது. இன்னா வேணா பண்ணிட்டு வரட்டும். கேட்டுக்கணும், இன்னா செய்யணுமோ அத்த செய்யணும், அவ்ளோதான்."

இதைப் புத்தகத்தில் படித்திருந்தால் நானும் தலையை ஆட்டிவிட்டு மறந்திருப்பேன். எட்டாவது தாண்டாத மூன்று பேர் அதைச் செய்து காட்டியதால் நம்பினேன்.

நைனா நான்காம் நாள் வீட்டுக்கு வந்தார். மறுநாளிலிருந்து நான் சொல்ல ஆரம்பித்தேன். அடுப்படியில் வைத்துக் கிசுகிசுக்கப் பார்த்தேன். போர்மேன் மாமா விடவில்லை. "கட்டிலாண்ட வந்து சொல்லு. அவன் காதுலயும் உழணும்" என்றார். அதனால் நைனாவை வைத்துக்கொண்டே சொன்னேன். "ராத்திரி நைனா ரெண்டாவது வாட்டி கூப்பிட்டப்போ தூங்கற மாதிரி நடிச்சேன் மாமா." அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எவ்ளோ நேரம் ஈரத்துல கெடந்தான்?" அரை மணி நேரம் என்றேன். நைனாவைப் புரட்டி முதுகைப் பார்த்து, துடைத்து, பவுடர் போட்டார். "சர்தான், நீ கெளம்பு." மாமா சத்தமாகத் திருப்பிக் கேட்டதில் தெரு முழுக்க எங்கள் வீட்டு சார்ஜை எடுத்துக்கொண்டது. எதிர்வீட்டு அக்கா அன்று சாயங்காலம் தானாகவே கஞ்சி காய்ச்சி வடிகட்டி அனுப்பினார்.

சொல்லிவிட்டுக் கிளம்பாமல் வாசலில் நின்றாலும் துரத்துவார்கள். "ரெண்டு பேரு நின்னா, அவன் பாத்துப்பான்னு இவன் உட்டுடுவான். தப்பு நடக்கும், போ." சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்தாலும் சாயங்காலம் வரை வீட்டுக்குள் விடமாட்டார்கள். எங்கே போவது? திருவொற்றியூர்க் கடலோரம் கொட்டியிருக்கும் பாறாங்கல்லில் உட்கார்ந்து ஒரு தட்டு அத்தோ, அதுதான் அந்த பர்மா நூடுல்ஸ், சாப்பிடுவேன். முதல் சனிக்கிழமை சாப்பிட்டபடியே அழுதேன். இரண்டாவது சனிக்கிழமை புளித்தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி அத்தோக்காரரிடம் சண்டை போட்டேன். எனக்கு உயிர் திரும்பிவிட்டது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

ஒரு ராத்திரி நைனா குழாயைப் பிடுங்கினார். தூக்கக் கலக்கத்தில் என்று நினைத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி போட்டோம். அது என்ன சாதாரணமா? அவர் குமட்டித் தவிக்க, நான்தான் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பத்தே நாளில் மறுபடி பிடுங்கினார். விடிகாலையில் ரத்தம் கலந்த சளியோடு குழாய் அவர் விரலில் தொங்கியதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. பளீரென்று அந்தக் கையில் அடித்தேன். ஒரு அடி இல்லை, மூன்று. "செத்துத் தொலையேன், என்னை ஏன் இப்படி வதைக்கற?" என்றும் கத்தினேன்.

அன்று வந்தவர் போர்மேன் மாமா. நான் கம்பியைப் பிடித்தேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னேன். மூன்று அடி என்றும் சொன்னேன், கத்திய வார்த்தையையும் சொன்னேன்.

"எந்தக் கை?"

"வலது."

அவர் நைனாவின் வலது கையை எடுத்து ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தார். "நோவுதாடா?" நைனா இல்லை என்று தலையை ஆட்டினார். "வீக்கம் இல்ல. கொழா போட நான் இட்டுகினு போறேன். நீ வேலைக்குக் கெளம்பு" என்றார். வாசல் தாண்டும்போது பின்னாலிருந்து, "வழில எதுனா துன்னுட்டுப் போம்மா" என்றார். எனக்குத் தெரிந்த எத்தனையோ பேர் அன்பானவர்கள்தான். அவர்கள் யாரிடமும் இதைச் சொல்லியிருக்க முடியாது. சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பார்கள், இல்லை சாபம் விட்டிருப்பார்கள். இவர் விரலை அழுத்திப் பார்த்தார். அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

ஒரு வாரம் கழித்து, காலையில் நான் சார்ஜ் கொடுத்து முடித்ததும் நைனா கையைத் தூக்கினார். குரல் கரகரவென்று வந்தது. "நானும் சார்ஜ் குடுக்கணும்."

போர்மேன் மாமா குனிந்து காதை அவர் வாயருகே கொண்டுபோனார்.

"கொழாய நான் தூக்கத்துல புடுங்கல. ரெண்டு தபாவும் முழிச்சிகினுதான் இருந்தேன். நான் பூட்டா இவளாவது கொஞ்சம் மூச்சு உடுவாளேன்னுதான்."

என் வாய் நிறைய வார்த்தை வந்து முட்டியது. யார் கேட்டார்கள் உன்னை, ஆஸ்பத்திரியில் உன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என்ன கல்லா, அன்றைக்கு நான் கத்தியதைப் பிடித்துக்கொண்டாயா என்று ஊரைக் கூட்டியிருப்பேன். மாமா என்னைப் பார்த்தார். கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. சார்ஜ் நேரத்தில் திட்டக் கூடாது. எனக்குக் கிடைத்த அதே சட்டம்தான் நைனாவுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்து என்ன செய்ய வேண்டுமோ அதைத்தானே கேட்க வேண்டும்?

"மறுபடியும் புடுங்குவியா நைனா?"

"தெரியல" என்றார்.

"தோணுச்சுன்னா அதுக்கு முன்னாடியே சொல்றியா?"

"சொல்றேன்."

அன்று யார்டுக்கு வரமாட்டேன் என்று போன் செய்தேன். மாமாவும் துரத்தவில்லை.

அதற்குப் பிறகு நைனா ஐந்து மாதம் இருந்தார். குழாயைத் தொடவில்லை. ஆனால் நான்கு முறை, "இன்னிக்கித் தோணுது" என்று சொன்னார். முதல் முறை சொன்னபோது கஞ்சி ஊற்றும் சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த இரண்டு முறையும் அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் அவரே, "சரி, ஊத்து" என்பார்.

நான்காவது முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவர் உடம்பில் எலும்பு மட்டும்தான் பாக்கி. "தோணுதும்மா" என்றார்.

"எனக்கும் தோணுது நைனா" என்று சொல்லிவிட்டேன். "நானே புடுங்கிடலாம்னு சில நேரம் தோணுது."

நைனா திரும்பி என்னை நன்றாகப் பார்த்தார். அடிபட்ட அதே கையைத் தூக்கி என் கன்னத்தில் வைத்தார்.

"தெரியும்டி. உனுக்கும் தோணும்னு தெரிஞ்சதாலதான் உன்னாண்ட சொல்றேன்."

இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் கஞ்சி ஆறிப்போயிருந்ததால் எழுந்து போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தேன்.