எல்லோருக்கும் சொன்ன செய்தி

போன வருடம் மாரி மழை பிடித்த நேரம் நடந்த சங்கதி இது. செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடத்துகிறேன். யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கக்கூடிய கணினிக்குக் கட்டளை எழுதுகிற ஒரு நிரல் மொழியைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து வளர்க்கிற மொழி அது. பிள்ளைகள் பிழையாக எழுதினால், எந்த வரியில் என்ன பிழை என்று தமிழிலேயே சொல்லும். யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ மொழிபெயர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஆங்கிலத்தைக் கண்டாலே கை நின்றுவிடுகிற ஒரு மாணவி என்னிடம் படிக்கிறாள். முதன்முதலில் அந்தத் தமிழ் வரியைப் பார்த்துவிட்டு, "மிஸ், இது ஏசல்ல, சொல்லித் தருது" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஒரு வகுப்பும் விடவில்லை.

அந்த மொழிக்காரர்கள் மாதாமாதம் ஒரு சமூகச் செய்தி வெளியிடுவார்கள். என்ன புதிதாகச் சேர்ந்தது, யார் சேர்த்தார் என்றெல்லாம் இருக்கும். நானும் தவறாமல் வாசிப்பேன். வாசிப்பதோடு சரி. அந்த மாதச் செய்தியின் நடுவில் ஒரு பந்தி கண்ணில் பட்டது. பிழை சொல்லித் தரும் தமிழ்ப் பகுதியைக் கவனிக்க ஆள் இல்லையாம், அடுத்த பதிப்பில் எடுத்துவிடப் போகிறார்களாம். மறுப்பு இருந்தால் கீழே எழுதலாம், ஒருவரும் எழுதாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்களாம்.

எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. மௌனம் சம்மதம் என்பதெல்லாம் பெண் பார்க்கப் போன இடத்துக்குச் சரி. எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் வாய் திறக்காமல் இருந்தால் அவர் கோபமாக இருக்கிறார் என்றுதான் அர்த்தம். அதைக் கண்டுபிடித்துச் சமாதானம் பேசுவது கூட்டம் நடத்துகிறவரின் வேலை.

அதோடு, மறுத்து எழுத நான் யார்? கல்யாணம் என்றால் வீடு தேடி வந்து சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டில் போய் நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். உலகத்துக்கே பொதுவாகப் போட்ட செய்தி எனக்குச் சொன்னதாகுமா, ஆகாதா? இரண்டு வரி எழுதுவேன், அழிப்பேன். அந்தப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வரும், திரும்ப எழுதுவேன், திரும்ப அழிப்பேன்.

இதே மொழியைப் படிப்பிக்கிற காத்தான்குடித் தோழிக்கு அழைப்பு எடுத்தேன். "நானும் வாசிச்சன்கா. நமக்கு ஒருத்தரும் சொல்லல்லியே, எப்பிடிப் போய் எழுதுற?" என்றாள். தேற்றாத்தீவில் இருக்கிற இன்னொரு ஆசிரியரைக் கேட்டால் அவரும் அதே கதை. மூன்று பேருமே வாசித்திருக்கிறோம். மூன்று பேருக்குமே கோபம். மூன்று பேருமே பேசாமல் இருந்திருக்கிறோம். அவர்களுடைய கணக்கில் அது மூன்று சம்மதம்!

குசினியில் என் கணவர் வாவி இறால் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கணினிக்கும் வெகு தூரம். நான் புலம்பியதை எல்லாம் கேட்டுவிட்டு, "இப்ப அவங்க என்னதான் செய்யப் போறாங்களாம்?" என்று கேட்டார்.

"தமிழ எடுக்கப் போறாங்களாம்."

"அப்ப அது கல்யாண வீடில்ல புள்ள, செத்த வீடு. செத்த வீட்டுக்கும் ஆள் வந்து சொல்லணுமா? எழும்பிப் போ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அந்தப் பிள்ளை சொன்னதை மட்டும் எழுதிப் போட்டேன். காத்தான்குடித் தோழிக்கும் விசயத்தைச் சொன்னேன். "மவுத்து வீடெண்டா நானும் வாறன்" என்று அவளும் எழுதினாள். தேற்றாத்தீவு ஆசிரியரும் பின்னால் வந்தார்.

விடிந்து பார்த்தால், பனி கொட்டும் ஒரு நாட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். தமிழை எடுக்கப் போவதில்லையாம். 'அங்கே ஒருவரும் இல்லை என்று நினைத்துவிட்டோம். இவ்வளவு காலமும் எங்கே இருந்தீர்கள்?' என்று கேட்டிருந்தார். இங்கேதான் இருந்தோம். அதை எப்படி விளக்குவது என்று தெரியாமல் நன்றி மட்டும் எழுதினேன்.

அடுத்த மாதச் செய்தியைத் திறந்தபோது திரும்பவும் குழப்பம். தமிழ்ப் பகுதி தொடரும் என்று போட்டு, அதற்குப் பொறுப்பானவர்கள் என்று எங்கள் மூன்று பேரின் பெயரும் இருந்தது. எங்களை யாரும் கேட்கவே இல்லை! வாய் திறந்தவர் தலையில் வேலையைக் கட்டுவது அவர்கள் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். செத்த வீட்டுக்குப் போனவளைப் பிடித்துக் கல்யாணப் பந்தியில் பரிமாற விட்டது போல இருந்தது. ஆனாலும் அந்த மாணவி ஆங்கிலத்தில் இருந்த என் பெயரைத் திரையில் விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தபோது, வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

அவர்கள் செய்தது முறையா, நாங்கள் காத்திருந்தது முறையா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. 'எல்லோருக்கும் வணக்கம்' என்று அந்தச் செய்தி வரும்போதெல்லாம் ஒன்றை மட்டும் நினைத்துக்கொள்கிறேன்: என் வீட்டு வாசல் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒருவர், என்னை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்?