இளையவள் பலவீனம்

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது, பெற்ற தாயே என்னைக் கைவிட்டுவிட்டு வேறொரு பெண்ணை எடுத்துக்கொள்ளப் போகிறார் என்பதைத் தெரிந்துகொண்டேன். யாராவது வந்து சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அது அம்மாவின் கையெழுத்திலேயே இருந்தது.

அம்மா கொசுக்களை ஆராய்பவர். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய ஆய்வகத்தின் கொசுப் பிரிவில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். வெகுகாலம் அங்கே ஒரே பெண்ணும் அவர்தான். சேர்ந்த புதிதில் தட்டச்சு செய்ய வந்தவர் என்று நினைத்து ஆளாளுக்குக் கடிதங்களைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்தார்களாம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் அவருக்குக் கொசு டாக்டர் என்று பெயர். காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார்கள். அம்மா அவர்களைக் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் வீட்டுப் பூச்சாடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவார்.

எங்களைப் பார்ப்பதற்குத்தான் அவருக்கு நேரம் கிடைக்காது. நாங்கள் எழுந்திருக்கும்போது கிளம்பிக்கொண்டிருப்பார். சாப்பிட்டு முடித்த பிறகு வருவார். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் எதைத் தொட்டாலும் முதல் பரிசு வாங்கும் ரகம். நானோ ஒல்லி. மழை வந்தால் இருமல் வரும், கணக்குப் பாடம் வந்தால் வயிற்றுவலி வரும். அந்த ஆண்டு வகுப்பில் எனக்குக் கீழே மூன்று பேர்தான் இருந்தார்கள்.

அம்மாவிடம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதை மட்டும் தமிழில் எழுதுவார். அதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை அவர் எழுதி வைத்திருந்த முடிவுகளை இன்னொருவர் ஏதோ கூட்டத்தில் தம்முடையவை போல வாசித்துவிட்டாராம். ஆய்வகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. அதனால் அன்றிலிருந்து அம்மாவின் குறிப்புகளெல்லாம் தமிழுக்கு மாறிவிட்டன. வீட்டில் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் ஒருத்தி இருப்பதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

ஒருநாள் அந்த நோட்டுப் புத்தகம் சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்தது. அதில் இப்படி எழுதியிருந்தது: "மூத்தவள் நலம். எதிர்பார்த்ததைவிட மேல். இளையவள் பலவீனம். எவ்வளவு கொடுத்தாலும் தேறுவதாகக் காணோம். இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம். தேறாவிட்டால் இவளை விட்டுவிட்டு, காப்பாரிலிருந்து வேறு எடுத்துக்கொள்ளலாம்."

காப்பாரில் எங்கள் சித்தி இருக்கிறார். சித்திக்கு மூன்று பெண்கள். மூன்று பேரும் கொழுகொழுவென்று இருப்பார்கள், வாய்ப்பாட்டைத் தலைகீழாகவும் சொல்வார்கள். அதில் நடுப்பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம், இவள் என் பிள்ளையாகப் பிறந்திருக்கலாம் என்று அம்மா சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இருந்தாலும் அப்பாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். அவர் பால்கனியில், பழைய பெயின்ட் டின்களில் வைத்த மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தேறாத ஒன்றை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். என் கையருகே வாடிக் கிடந்த செடியைப் பார்த்துக்கொண்டே, பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வைக்க வேண்டியதுதான் என்று சாவகாசமாகச் சொன்னார். அப்பாவும் இதற்கு உடந்தை என்று புரிந்துகொண்டேன்.

அதன் பிறகு பதினான்கு நாள்கள் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. காலையில் இரண்டு முட்டை. பள்ளி விட்டு வந்ததும் ஒரு பெரிய குவளை மைலோ. வாழ்நாளில் தொடாத ஈரலைக் கேட்டு வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். மின்தூக்கி இருக்க, ஐந்து மாடியும் படியேறினேன். அம்மா வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் ஏழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லத் தொடங்குவேன். மருந்துக்கடை எடை மெஷினில் புத்தகப் பையோடு ஏறி நின்று, எடை கூடிவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றாள் அக்கா. அவளுக்கென்ன, நலமாக இருப்பவள். அம்மா தலையை வருடி, சத்தம் போடாமல் படிக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

பதின்மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மறுநாள் அக்காவுக்கு சாலாக் செலாத்தானில் அறிவியல் புதிர்ப்போட்டி. அவளை அப்பா கூட்டிப்போவதாக ஏற்பாடு. அம்மா என்னைப் பார்த்து, "நாளைக்கு நான் காப்பாருக்குப் போறேன், நீயும் வந்துடு" என்றார். நான் அழவில்லை. அழுதால் அதையும் பலவீனம் என்று எழுதிவிடுவாரோ என்ற பயம்.

மறுநாள் புத்தகங்களை வெளியே எடுத்துவிட்டுப் பையில் இரண்டு பள்ளிச் சீருடைகளையும் பல் துலக்கும் பிரஷையும் வைத்துக்கொண்டேன். என் வண்ணப் பென்சில்களை அக்காவின் தலையணை மேல் வைத்தேன். அவள் எத்தனையோ முறை கேட்டும் தராதவை அவை. போகிற இடத்தில் எனக்கு வண்ணம் தீட்டும் மனநிலை இருக்காது என்று பட்டது.

காரில் அம்மா உற்சாகமாக இருந்தார். அதுவே எனக்குத் தாங்கவில்லை. கிள்ளானைத் தாண்டிக் காப்பார் சாலையில் திரும்பியதும், சாலையோரத்தில் இளநீர் விற்கும் ஒரு கடை முன்னால் நிறுத்தினார். ஆளுக்கொரு இளநீர் வாங்கிவந்து கொடுத்தபோதுதான் என் மடியில் இருந்த பையைக் கவனித்தார்.

"இது என்னாத்துக்கு இவ்ளோ பெரிய பேக்?"

"ஸ்கூல் யூனிஃபார்ம். சித்தி வீட்ல வேணும்ல?"

அம்மாவுக்குப் புரியவில்லை. நான் பதினான்கு நாள்களாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "நான் கொஞ்சங்கூட தேறலியாம்மா?"

பிறகு என்னைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஈரல், படிக்கட்டு, ஏழாம் வாய்ப்பாடு, எடை மெஷின் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். நடுப்பெண் வந்தால் என் கட்டிலை அவளுக்குக் கொடுத்தாலும் பரவாயில்லை, நான் கீழே படுத்துக்கொள்கிறேன், மூன்று பேராக இருக்கலாமே என்று ஒரு யோசனையும் சொன்னேன்.

அம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பின் இருக்கையிலிருந்து நீல நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார். படித்ததும் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

"இளையவ நீ இல்ல லா. அது கொசு."

ஆய்வகத்தில் அவர் இரண்டு கூண்டுகளில் கொசுக்களை வளர்த்துவந்தார். ஒவ்வொரு கூண்டும் ஒரே ஒரு தாய்க் கொசுவின் வம்சம். முதலில் பிடித்தது மூத்தவள், அடுத்துப் பிடித்தது இளையவள். இளையவள் வம்சம் சரியாக முட்டையிடவில்லை. அதனால்தான் அதைக் கைவிட்டுவிட்டு, காப்பார் செம்பனைத் தோட்டத்தில் கிடக்கும் பழைய டயர்களில் வேறு கொசு பிடிக்கலாம் என்று கிளம்பியிருக்கிறார். சித்தி வீட்டுக்குப் போகும் எண்ணமே அவருக்கு இல்லை.

எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? ஈரச் சட்டையைக் கழற்றி எறிந்த மாதிரி இருந்தது. இளநீரை ஒரே மூச்சில் குடித்து, அம்மாவினுடையதையும் வாங்கிக் குடித்தேன். இனி ஈரல் தின்ன வேண்டியதில்லை என்பதுதான் முதலில் தோன்றியது.

அம்மா இன்னும் சிரித்தபடியே கேட்டார். "பதினாலு நாளா மனசுல வச்சிக்கிட்டிருந்தியே, ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்க வீட்ல இல்லியேம்மா."

அது சாதாரணமான பதில். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொன்னேன். அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சாலையில் போகிற லோரிகளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டதே என்று யோசிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அதைவிட அவசரமான கவலை ஒன்று இருந்தது. அந்தக் கொசு இளையவளை இன்றைக்கே கைவிட்டுவிடுவாரா? பாவம், அவளும் முயற்சி செய்துகொண்டுதான் இருப்பாள், இன்னும் இரண்டு வாரம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அம்மா காரைத் திருப்பினார். காப்பார் வரை போய்விட்டுக் கொசு பிடிக்காமல் அவர் திரும்பியது அந்த ஒருநாள்தான்.

அன்று முதல்முறையாக என்னை ஆய்வகத்துக்குள் கூட்டிப்போனார். நுழைந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார். அந்த அறையில் சூடும் ஈரமும் ஒரே அளவில் இருக்க வேண்டுமாம். ஏர்கான் ஒரு நாள் நின்றால் மூத்தவள், இளையவள் எல்லாருமே செத்துப்போவார்களாம். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, இளையவளின் கூண்டுக்குள் கையை நீட்டினார். சாம்பல் புள்ளிகள் போல ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. எப்போதும் அவர் கையில் இருக்கும் சிவப்புத் தடிப்புகள் எங்கிருந்து வருகின்றன என்பது அன்றுதான் தெரிந்தது. நன்றாகக் குடி என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இளையவள் பிழைத்துக்கொண்டாள். கொசுவை ஒழிக்க அடிக்கும் புகை மருந்துக்குச் சாகாத வம்சம் அவளுடையது என்று அம்மா பின்னால் கண்டுபிடித்தார். அதைத் தாங்குவதிலேயே பலமெல்லாம் போய்விடுவதால்தான் அத்தனை நோஞ்சானாக இருந்தாளாம். அம்மாவுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த கட்டுரை அவளைப் பற்றியதுதான். நோட்டுப் புத்தகத்தில் மட்டும் அடுத்த வாரமே மூத்தவள், இளையவள் இரண்டையும் அடித்துவிட்டு அ, ஆ என்று எழுதிவிட்டார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தந்தான்.

இந்தக் கதையை நான் எத்தனையோ விருந்துகளில் சொல்லியிருக்கிறேன். போன மாதம் கிள்ளானில் அக்கா வீட்டில் மறுபடியும் சொல்ல நேர்ந்தது. அக்கா இப்போது இதய மருத்துவர். துறைத் தலைவியாகியிருந்தாள், அதற்காக ஒரு சாப்பாடு. வழக்கம்போல, அது கொசு என்ற இடத்தில் முடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"அதுக்கப்புறம் ஒன்னு கேட்டேனே, அதையும் சொல்லு" என்றார் அம்மா.

எனக்கு உடனே நினைவு வரவில்லை. அவரே சொன்னார். ஏன் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற கேள்வியைச் சொன்னார், என் பதிலையும் அதே நான்காம் வகுப்புக் குரலில் சொன்னார். அத்தனை ஆண்டுகளில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. "அந்தத் திங்கக்கெழம தான் பாஸ்கிட்ட போய் நின்னேன். புதன்கெழம மத்தியானம் வீட்டுக்குப் போவேன், வேலைய சனிக்கெழம செஞ்சிக்கிறேன்னு சொன்னேன். பொம்பளைய வேலைக்கு வச்சா இதான்னு அவரு சொல்லிட்டாரு. சொல்லிட்டுப் போறாருன்னு வந்துட்டேன்."

அந்தப் புதன்கிழமைகள் எனக்கு நன்றாக நினைவிருந்தன. பள்ளி விட்டு வந்தால் கதவு திறந்திருக்கும்; அம்மா மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். நான் அன்று நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வேன். ஏன் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று முதல்முறை கேட்டதற்கு, ஆய்வகத்தில் ஏர்கான் ரிப்பேர் என்றார். மறுவாரமும் அதையே சொன்னார். நான் ஆறாம் வகுப்பு முடிக்கும்வரை அந்த ஏர்கான் புதன்கிழமைதோறும் கெட்டுப்போனது. அதை ஏன் இன்னும் ஒழுங்காகப் பழுது பார்க்கவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது.

நான் இப்போது பொறியாளர். மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் குளிர்சாதன அமைப்புகளை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. அந்த அறையில் ஏர்கான் ஒரே ஒரு புதன்கிழமை நின்றிருந்தாலும் இளையவள் உயிரோடு இருந்திருக்க மாட்டாள்.