பால்ராஜ் சொல்லாத சாட்சி

டிவியில் அரசியல் விவாதம் தொடங்கினால் பால்ராஜ் சத்தத்தை மட்டும் நிறுத்திவிடுவார். சேனலை மாற்ற மாட்டார். வாயசைவுகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். நாளெல்லாம் ஆட்டோ ஓட்டிய காது ஓய்வு கேட்கிறது என்றுதான் மகள் ஜெனிஃபர் வருஷக்கணக்காக நினைத்திருந்தாள்.

கோலார் தங்கச் சுரங்கம் மூடியபின் பெங்களூர் விவேக் நகருக்குப் பிழைக்க வந்தவர் பால்ராஜ். அவருடைய ஆட்டோ ஸ்டாண்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: சவாரிக்கு மட்டுமல்ல, போலீஸ் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட்டாலும் வரிசைப்படி ஒருவர் போக வேண்டும். போகாவிட்டால் மறுநாள் வண்டி நிறுத்த இடம் இருக்காது. ஆறு வருஷத்துக்கு முன், பக்கத்துத் தெருவில் ஒரு மாடியறையில் குடியிருந்த சுதீரைத் தீவிரவாத வழக்கில் பிடித்த அன்று, பால்ராஜின் முறை.

சுதீரின் அம்மா கிருஷ்ணம்மாள் திருப்பத்தூர்க்காரர். பெங்களூர்ச் சிறையில் விசாரணை தொடங்காமலே கிடக்கும் மகனை அவர் வந்து பார்க்க வசதியாக வேலூர்ச் சிறைக்கு மாற்றலாம் என்று இந்த வருஷம் ஆளுங்கட்சி சொல்ல, கர்நாடகச் சட்டசபையே அமளியானது. இன்று மாற்றுவார்கள், நாளை விட்டுவிடுவார்கள் என்றது எதிர்க்கட்சி. அன்று ஜெனிஃபர் ரிமோட்டை வாங்கிச் சத்தம் வைத்தாள். சுதீரின் அறையில் போலீஸ் வெடிமருந்து எடுத்ததைக் கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிறதே என்று ஒருவர் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பால்ராஜ் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "நான் மாடிக்கே போகல ஜெனி. கீழ வண்டிலதான் குந்தினு இருந்தேன். கன்னடத்துல எழுதி எடுத்தாந்தாங்க, கையெழுத்து போட்டுட்டேன்."

"இத போய் சொல்லுப்பா."

"பொய்சாட்சின்னு என்ன உள்ள தள்ளுவான். அப்புறம் உன் வேலை?"

கிறிஸ்துமஸ் முடியட்டும், வக்கீலைப் பார்க்கலாம் என்றார். அவளும் வற்புறுத்தவில்லை. அந்த வீட்டின் முதல் பட்டதாரி. கம்பெனியில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்பாவுக்காகப் பயந்தோமா, தனக்காகவா என்பது அவளுக்கு இன்றும் பிடிபடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே பால்ராஜுக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. சிறை மாற்றமும் எதிர்க்கட்சியின் கூச்சலுக்குப் பயந்து கைவிடப்பட்டது.

காரியங்கள் முடிந்ததும் ஜெனிஃபர், சுதீரின் வக்கீல் பத்ரிநாத்தைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மகனைப் பார்க்க வந்திருந்த கிருஷ்ணம்மாளும் அங்கே உட்கார்ந்திருந்தார். பத்ரிநாத் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க எதையும் நேர்ல பார்க்கலையேம்மா. அப்பா சொன்னார்னு நீங்க சொன்னா கோர்ட்ல நிக்காது. அவரே கூண்டேறிச் சொல்லியிருக்கணும்."

கிருஷ்ணம்மாள் திட்டவில்லை, அழவுமில்லை. ஜெனிஃபரைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்.

"உங்கப்பா சொல்றதாத்தான் இருந்தாராம்மா?"

"கிறிஸ்துமஸ் முடியட்டும்னு சொன்னார்" என்றாள் ஜெனிஃபர். சுதீருக்காக பால்ராஜ் சொல்லக் கடன்பட்டிருந்தது, நான் மேலே போகவில்லை என்கிற ஒரு பேச்சு. இனி அதைச் சொல்ல ஆளில்லை.