டவர் பாறையும் என் மைசூர் படங்களும்

போன வருஷம் தை மாசம் மைசூரில் தொடங்கி, மாசியில் ஜவ்வாது மலையில் ஒரு பாறை மேல் எனக்குப் புரிந்த விஷயம் இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். திருப்பத்தூரில் புளி மண்டியில் மூட்டை தூக்கினேன். இன்றைக்கு அதே தெருவில் எனக்குச் சொந்தமாக மண்டி இருக்கிறது. மலையில் எந்த மரம் இந்த வருஷம் காய்க்கும், எது ஏமாற்றும் என்று வண்டியை விட்டு இறங்காமலே சொல்வேன். படித்தவன் போனை எடுத்துக் கணக்குப் போடுவதற்குள் நான் விலையைச் சொல்லி முடித்திருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எழுத்து மட்டும் எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். இதையே நாலு நாளாக எழுதுகிறேன்.

எனக்கு ஒரே மகள். நர்ஸுக்குப் படிக்க வைத்தேன். மலையில் வேலை கிடைத்துப் போனாள். போன இடத்தில் ஒரு மலைக்காரப் பையனைக் கட்டிக்கொண்டாள். பையன் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவனுடைய அப்பா இருபது வருஷம் என் மண்டிக்குப் புளி கொண்டுவந்து, நான் சொன்ன விலைக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போனவர். அவரைச் சம்பந்தி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "இந்த வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்று மகளிடம் சொன்னேன். மனைவியிடம், "நீ மலைக்குப் போனா அங்கியே இருந்துக்கோ" என்றேன். அப்படிச் சொல்லி நாலு வருஷம் ஓடிவிட்டது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அவள் வேலையை விட்டுவிட்டாள் என்று மண்டிக்கு வருகிறவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நான் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் நம்பரை மட்டும் என் போனிலிருந்து அழிக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டால் யார் யார் பார்த்தார்கள் என்று கீழே பெயர் வருமில்லையா? பக்கத்து மண்டிக்காரர் ஊட்டி போய்வந்து படமாகப் போட்டுத் தள்ளினார். ஊரே பார்த்தது. அன்றைக்குத்தான் எனக்கு யோசனை வந்தது. நாமும் ஒரு ஊருக்குப் போய், நல்ல நல்ல படமாகப் போட்டால் அவளும் பார்ப்பாள். அம்மா முகத்தைப் பார்ப்பாள். பார்த்தால் அவள் பெயர் கீழே வரும். பேச வேண்டாம், கூப்பிட வேண்டாம், அந்தப் பெயர் வந்தால் போதும் என்று இருந்தது. இதை மனைவியிடம் சொல்லவில்லை. "மூணு நாள் மைசூருக்குப் போய்ட்டு வரலாம் வா" என்று மட்டும் சொன்னேன். நான் கூப்பிட்டு எங்கேயும் போகாதவள், மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

முதல் நாள் எடுத்த படம் ஒன்றும் சரியில்லை. மனைவி எறும்பு மாதிரி, பின்னால் அரண்மனை அண்டா மாதிரி. முகமெல்லாம் கருப்பு. நான் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் காலை ஆறரைக்கே மனைவியை இழுத்துக்கொண்டு அரண்மனை எதிரே போய்விட்டேன். அங்கே ஒருவர் கல்யாண ஜோடி ஒன்றை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஓசூர்க்காரராம்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளுங்க. பொண்ணு மாப்பிள்ளைக்கு நடுவுல உங்க வேட்டி தெரியுது."

"வேட்டி தெரிஞ்சா லட்சணம்தானேப்பா" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். ஜோடி உடை மாற்றப் போன நேரத்தில் என் போனை வாங்கி, நான் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அம்மா மேல இன்னா கோவம் உங்களுக்கு? ஒரு படத்துலயும் மூஞ்சி இல்லியே" என்றார். மனைவி, "நல்லா கேளுங்க தம்பி" என்றாள்.

அப்புறம் அவர் சொல்லிக்கொடுத்தார். வெயில் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழக்கூடாது. ஆளைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாதே, உன் பக்கத்தில் நிறுத்து, கட்டடம் தானாகப் பின்னால் வரும். நடுவில் நிறுத்தாமல் ஒரு ஓரமாக நிறுத்து. நீ குந்திக்கொண்டு எடு. எடுப்பதற்கு முன்னால் லென்ஸைத் துடை. அவ்வளவுதான் வித்தை. மற்றவர்களுக்கு ஒரு வருஷம் ஆகும், எனக்கு ஒரு காலை போதுமானதாக இருந்தது. சாயங்காலத்துக்குள் நான் எடுத்ததைப் பார்த்து வழியில் போன ஒரு குடும்பமே என்னிடம் போனைக் கொடுத்து எடுத்துத் தரச் சொன்னது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூ மார்க்கெட்டில் குங்குமக் குவியலுக்குப் பின்னால் மனைவி. சாமுண்டி மலையில் நந்திக்கு முன்னால் மனைவி. விளக்குப் போட்ட அரண்மனைக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும். ஒவ்வொன்றையும் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, போட்ட நிமிஷத்திலிருந்து கீழே பெயர்களைத் தள்ளிக்கொண்டே இருப்பேன். மண்டிக்காரர்கள் பார்த்தார்கள். லாரி டிரைவர்கள் பார்த்தார்கள். நான் பத்து வருஷமாகப் பேசாத பங்காளிகூடப் பார்த்தார். "சூப்பர் மாமா", "யாரு சார் போட்டோகிராபர்" என்று வந்து விழுந்தது. அவள் பெயர் மட்டும் இல்லை.

கடைசி நாள் மதியம். மனைவி நடக்க முடியாமல் நடைபாதையில் உட்கார்ந்து, ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டே கொய்யாத் துண்டைக் கடித்தாள். என்னைப் பார்க்கவில்லை, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். கை சும்மா இல்லாமல் அதையும் எடுத்தேன். பின்னால் அரண்மனையும் இல்லை, ஒன்றும் இல்லை. இதைப் போட்டால் மானம் போகும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது ரயிலில் கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். இல்லை. என் நம்பரை அவள் அழித்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். நான் அவளை வாசலோடு நிறுத்தினேன். அவள் என்னை அதற்கும் வெளியே நிறுத்திவிட்டாள். அப்பன் புத்திதானே பெண்ணுக்கும் வரும்?

மாசியில் மரம் பார்க்க மலைக்குப் போனேன். நாலு வருஷமாக அவள் ஊர்ப் பக்கத்துப் பாதையில் நான் வண்டியை விடச் சொன்னதில்லை. அந்த வருஷம் அந்தப் பக்கம்தான் காய் அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். ஜமுனாமரத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வழக்கம்போல் போன் செத்துவிட்டது. மண்டிக்கு அவசரமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. விசாரித்ததில், "அதோ டவர் பாறை, அதும் மேல ஏறுங்க" என்றார்கள்.

பாறை மேல் ஒரு அம்மா போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கையெல்லாம் புளிக்கறை. "ஐயா, அங்க நிக்காதீங்க, இந்தக் கல்லு மேல நில்லுங்க. அங்க நின்னா மணி மட்டும்தான் பாக்கலாம்" என்றார்.

நின்றேன். இரண்டு கோடு டவர் வந்தது. மண்டிக்குப் பேசி முடித்தேன். சும்மா இருக்க முடியாமல், "ஊர்ல வூட்லயெல்லாம் டவர் வராதாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க வருது? வாரத்துக்கு ஒரு நாள் ஏறி வருவோம். வந்த மெசேஜெல்லாம் தொபதொபன்னு வுழும். கேட்டுக்கினு, பேசிட்டு எறங்கிடுவோம்."

"ஸ்டேட்டஸெல்லாம் பாப்பீங்களா?"

"அது எங்களுக்கு எங்கங்க? நாங்க ஏறி வர்றதுக்குள்ள அது செத்துப் பூடும்."

நாற்பது வருஷமாக மலைக்கு வந்து போகிறவன் நான். ஒவ்வொரு தடவையும் என் போனே இங்கே செத்துக் கிடக்கும். மரத்தைப் பார்த்ததும் காய்ப்பைச் சொல்கிற எனக்கு, மகள் இருக்கிற ஊரில் டவர் இல்லை என்று மைசூரில் மூன்று நாளும் தோன்றவே இல்லை.

அந்த அம்மா தானாகவே சொல்லிக்கொண்டு போனார். "எங்க ஊர்ல கீழ்நாட்டுப் பொண்ணு ஒண்ணு கீது, திருப்பத்தூர் பக்கம். நர்ஸா இருந்துச்சி. ஞாயித்துக்கெழம ஆனா புள்ளையத் தூக்கினு வந்து அவங்க அம்மாகிட்ட பேசும். போன மாசம் பாருங்க, அவங்க அம்மாவ அப்பா எங்கியோ டவுனுக்குக் கூட்டினு போயி போட்டோவா போட்டாராம். அம்மா சொல்லிச்சின்னு ஆசையா தெறந்து பாத்துச்சி. ஒண்ணும் இல்ல. 'எல்லாம் அழிஞ்சி பூடுச்சிக்கா'ன்னு சொல்லிட்டு, நீங்க நிக்கிறீங்க பாருங்க, அந்தக் கல்லு மேலயே ரொம்ப நேரம் குந்தினு இருந்துச்சி."

நான் யார் என்று சொல்லவில்லை. "அவங்க வூடு எது?" என்றேன். கீழே கையைக் காட்டினார். இரண்டு மூன்று ஓட்டு வீடுகள், ஒரு பலா மரம், கயிற்றில் சின்னச் சின்னத் துணிகள். அந்த அம்மா இறங்கிப் போன பிறகு நானும் அந்தப் பாதையில் பத்தடி இறங்கினேன். போய் நின்றால் வாசலில் முதலில் பார்ப்பது அவள் மாமனாராகத்தான் இருக்கும். அவரிடம் என்ன சொல்வது? பாறைக்கே திரும்பி ஏறினேன்.

ஸ்டேட்டஸ் ஒரு நாளில் போய்விடும். நேராக அனுப்பினால் போகாது, அவள் வருகிற வரைக்கும் கிடக்கும். அது எனக்கும் தெரியும். அனுப்பாமல் இருந்தது வேறு காரணம். ஸ்டேட்டஸ் என்றால் ஊருக்குப் போட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். நேராக அனுப்பினால் நான்தான் தேடினேன் என்று ஆகிவிடும்.

படங்களைத் தள்ளிப் பார்த்தேன். நந்தி, அரண்மனை, குங்குமம் எல்லாம் பளபளவென்று இருந்தன. ஒன்றிலும் அவள் அம்மா இல்லை, நான் நிற்கச் சொன்னபடி நின்ற ஒரு பொம்பளைதான் இருந்தாள். அந்தக் கொய்யாப் படத்தை அனுப்பினேன். ஒரு டிக் விழுந்தது. அவள் வீடு என் கண்ணுக்கு எதிரே இருந்தது. அனுப்பிய படத்தை எடுத்துக்கொள்ள நான் நிற்கிற இந்தக் கல்லுக்குத்தான் அவள் ஏறி வர வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கேட்டேன். "அவ ஊர்ல டவர் இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

"நாலு வருஷமா தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க இன்னா கேட்டீங்க, நான் இன்னா சொல்லல?"

ஒவ்வொரு ஞாயிறும் சமையற்கட்டில் அவளுடைய பட்டன் போன் அடித்திருக்கிறது. நான் கூடத்தில் பேப்பரைப் பார்த்துக்கொண்டு அவள் அண்ணன் வீடு என்று நினைத்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு காலையும் போன் அடித்தது. என் போனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு டிக். கொஞ்ச நேரத்தில் நீலமானது. உள்ளே பேச்சு நின்ற பிறகு எனக்கு ஒரு வரி வந்தது. "நாயினா, அம்மா ஏன் இவ்ளோ எளச்சிருக்கு? முட்டி ரொம்ப வலியா?"

சின்ன வயசிலிருந்து அப்பா என்று சொல்லாமல் அப்படித்தான் கூப்பிடுவாள். நாலு வருஷம் கழித்து நாயினா.

பதில் எழுத உட்கார்ந்தேன். 'வூட்டுக்கு வா' என்று அடித்தேன். அதிகாரம் மாதிரி இருந்தது, அழித்தேன். குழந்தையையும் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. அதன் பெயர் எனக்குத் தெரியாது. சமையற்கட்டு வாசலில் போய் நின்று, "இன்னா பேரு வச்சிருக்காங்க?" என்று கேட்டேன். மனைவி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி முடித்து, வந்து போங்கள் என்று சேர்த்து அனுப்பினபோது அரை மணி ஆகியிருக்கும்.

ஒரு டிக்.

"எறங்கிருப்பா. வெயிலுக்கு முன்னால புள்ளையோட வூடு சேர வேணாமா?" என்றாள் மனைவி.

அடுத்த ஞாயிறுதான் பதில் வந்தது. "வர்றேன் நாயினா. ஆனா நீங்க இங்க வந்து எங்க மாமனாருகிட்ட ஒரு வார்த்த சொல்லிக் கூட்டினு போங்க." அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

வருஷம் ஒன்று ஆகப்போகிறது. மனைவியை நானே வண்டி வைத்து இரண்டு தடவை மலைக்கு அனுப்பினேன். வாரா வாரம் ஒரு படம் அனுப்புகிறேன், கீரை ஆய்கிற அம்மா, தலைவலித் தைலம் தேய்த்துக்கொள்கிற அம்மா. அங்கிருந்து குழந்தை படம் வருகிறது. ஸ்டேட்டஸ் போடுவதை நிறுத்திவிட்டேன். நான் மட்டும் இன்னும் போகவில்லை. ஊரே பார்க்கிற மாதிரிப் படம் எடுக்க ஒரே காலையில் கற்றுக்கொண்டவன் நான். ஒரே ஒரு மனிதர் வாசலில் போய் நின்று 'சம்பந்தி' என்று கூப்பிட இன்னும் கற்றுக்கொள்ளவில்லையே என்று, ஒவ்வொரு ஞாயிறும் அந்த இரண்டாவது டிக் விழும்போது நினைத்துக்கொள்கிறேன்.