இரண்டாவது தாள்

திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் விற்பனைக்கு வரும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளுக்குப் பெயர்ச் சீட்டு கட்டுவது என் வேலை. ஒருத்தர் சீட்டு இன்னொருத்தர் மூட்டையில் ஏறி, நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அதனால் சீட்டில் பெயர் இருந்தால் சரக்கும் அவருடையதுதான் என்று நான் லேசில் நம்பமாட்டேன். அந்தப் புத்திதான் என்னைக் கெடுத்தது.

என் வீட்டுக்காரருக்கு ஓயாத முதுகுவலி, ரத்தசோகை. விழுப்புரத்தில் இடுப்பெலும்பில் ஊசி குத்தி, மஜ்ஜை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு இரண்டு தாளாக வந்தது. திரும்பும் பேருந்திலேயே, நர்சிங் படிக்கும் என் மகள் அதைப் படித்துச் சொன்னாள். முதல் தாளில் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய். டாக்டர் முன்பே கோடி காட்டியிருந்தார். இரண்டாவது தாளைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

“இது வேற கேன்சரும்மா. வெள்ளை அணுவுல வர்றது.”

“அடி போடி! ஒரே ஆளுக்கு ரெண்டா? எவனோடதையோ மாத்தி பின் அடிச்சிட்டானுங்க.”

“அப்பா பேருதாம்மா போட்டிருக்குது.”

“பேரு எங்க மூட்டையிலயுந்தான் இருக்குது!”

நான் சொன்னதை நம்பத்தான் அவளுக்கும் ஆசை. தாள்களை என்னிடமே நீட்டிவிட்டாள். பின்னைப் பிடுங்கி, அந்தத் தாளை மட்டும் என் பைக்குள் வைத்தேன். பாவம், உரியவர் வீட்டில் தேடுவார்களே, அடுத்த தடவை திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போனேன். என் புருஷனுக்காக ஓர் எலுமிச்சை விளக்கு ஏற்றினேன். அந்த இரண்டாவது தாளுக்கு உரிய, முகம் தெரியாத ஆளின் பொண்டாட்டிக்காகவும் ஒன்று ஏற்றினேன். ‘தாயே, அவளுக்கு விஷயமே இன்னும் தெரியாது. அவளைக் கைவிட்டுடாதே.’

அடுத்த வாரம் ரத்தப் புற்றுநோய் டாக்டரிடம் முதல் தாளை மட்டும் நீட்டினேன். அவர் வீட்டுக்காரரின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். நெறி கட்டியிருந்தது. தாளின் அடியைப் பார்த்தார்.

“ரெண்டு தாள்ல ஒண்ணாவதுன்னு போட்டிருக்கே. இன்னொண்ணு எங்கம்மா?”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். “இது வேற யாரோடதோங்க சார். மாறி வந்துடுச்சு.”

“மாறலைம்மா. ரெண்டுமே இவருக்குத்தான். அபூர்வமா இப்படிச் சேர்ந்து வரும். எலும்புல இருக்கறதுக்கு உடனே மருந்து ஆரம்பிக்கணும். இன்னொண்ணு மெதுவா போறது, இப்போதைக்குக் கண்காணிச்சா போதும். ஆனா ரெண்டும் தெரிஞ்சாத்தான் மருந்தையே முடிவு பண்ண முடியும். நீங்க பாட்டுக்கு மறைச்சா இவர் உசுருக்குத்தான் ஆபத்து.”

அடக் கடவுளே, என்ன காரியம் செய்தேன்!

“இன்னாத்துக்குடி அதைப் பிச்சே?” என்றார் வீட்டுக்காரர். நாலு ஏச்சு ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“வேற பொம்பள வீட்டுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேங்க. அவளுக்கும் ஒரு விளக்கு ஏத்திட்டு வந்தேன்...” சொல்லும்போதே அந்தப் பொம்பளை யாரென்று உறைத்தது. வாய்விட்டு அழுதேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்போ எனக்கொரு விளக்கு, உனக்கொரு விளக்கு ஆச்சு, வுடு.”

டாக்டர் இரண்டு தாளையும் ஒன்றாக வைத்துப் பின் அடித்தார். டக்கென்ற அந்தச் சத்தத்துக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.