பதில் வரும்வரை

இரண்டாம் மொழியாக ஒன்றைக் கற்றவர்களைத் தேர்வு வைத்து அளப்பது எப்படி என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதிலும் ஒரே விஷயத்தை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டாள்: கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் வருகிற மௌனம். அலுவலகத்தில் அவளுக்கு 'மௌன டாக்டர்' என்றே பெயர். கூப்பிட்டவர்கள் சிரித்தார்கள், அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

பேச்சுத் தேர்வில் கேள்வி கேட்பது கம்ப்யூட்டர். மூன்று வினாடிக்குள் வாய் திறக்காவிட்டால் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடும். ஜன்னல் இல்லாத அறையில், காது வலிக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கேட்டிருக்கிறாள். அவசரமாக உளறியவர்கள் பாஸ். நிதானமாக யோசித்தவர்கள் பெயில். இதை எழுதினாள், மாநாடுகளில் பேசினாள், தேர்வு வாரியத்தின் படியேறிப் படியேறிச் செருப்பும் தேய்ந்தது. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

வீட்டிலேயே ஒரு சாட்சி இருந்தார். அண்ணி. ஊரில் பல வருடம் நர்ஸாக இருந்தவர். எதைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார், சொன்னால் பிசகாது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இந்த மொழித் தேர்வில் பாஸானால்தான் இங்கே நர்ஸ் வேலை. திரும்பத் திரும்பப் போய்க் கோட்டைவிட்டு, இப்போது ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறார்.

"மருந்து எவ்வளவுன்னு கேட்டா யோசிக்காமயா சொல்லுவாங்க?" என்பார் அண்ணி. "அப்படிச் சொல்ற நர்ஸ்கிட்ட நான் ஊசி போட்டுக்க மாட்டேன்."

ஒருவழியாக வாரியக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. காட்ட வேண்டியதையெல்லாம் காட்டினாள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "எல்லாம் சரிம்மா. எத்தனை வினாடி குடுக்கலாம்? ஒரே நம்பரா சொல்லுங்க."

ஒரே நம்பராம்! வாய்க்கு வந்ததைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். பாழாய்ப்போன ஆராய்ச்சிப் புத்தி விடவில்லை. சுலபமான கேள்விக்கு ஒன்று, கஷ்டமான கேள்விக்கு ஒன்று அல்லவா? எதைச் சொன்னால் அண்ணி போன்றவர்கள் தப்பிப்பார்கள்? மனதுக்குள் கணக்குப் போட்டு வாயைத் திறப்பதற்குள் தலைவர் காகிதத்தைப் புரட்டினார்.

"பதில் இல்ல. இப்ப இருக்கறதே இருக்கட்டும். அடுத்த விஷயத்துக்குப் போலாம்."

"இல்ல சார், நான் யோசிச்சிட்டு..." என்றவளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி சீருடையைக்கூட மாற்றாமல் காத்திருந்தார். "என்னம்மா ஆச்சு?"

அவளால் உடனே சொல்ல முடியவில்லை. அண்ணி அவசரப்படுத்தவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, பதில் வரும்வரை காத்திருந்தார்.

"நானும் பெயிலாயிட்டேன் அண்ணி" என்றாள்.